அறுபத்து மூன்று அடி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நான் கட்டியதையெல்லாம் சொல்கிறேன், கேளுங்கள். இருபது வயதில், தண்ணீருக்கு நிலத்தில் கையால் சுற்றித் துளை போடும் செட் ஒன்று. அதை விற்று, பழைய லாரி ஒன்றை வாங்கி, வேலம்பாளையத்துப் பட்டறையில் நானே வெல்டிங் வைத்து ஏற்றிய ரிக் வண்டி ஒன்று. "இது ஊர் எல்லையைத் தாண்டாது" என்று சிரித்தவர்களின் பெயர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். அந்த வண்டி பன்னிரண்டு வருடம் ஓடியது. ராயபுரத்தில் மாடி வீடு. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம். திருப்பூரைச் சுற்றி எத்தனை ஆழ்துளைப் போர் போட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை. எந்தச் சந்தில் எத்தனை அடியில் பாறை தட்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஐம்பத்தாறு வயதில், இந்த வயதில் இது தேவையா என்று சொந்தபந்தமெல்லாம் முகத்தைச் சுளிக்க, இரண்டு ரிக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தான்சானியா போனேன். டொடோமா பக்கத்துக் கிராமங்களில் என் வண்டி போய் நின்றால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். அங்கே என்னை "முஸே" என்பார்கள். பெரியவரே என்று அர்த்தம்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரை எழுதக் காரணம் வேறு.

திருப்பூரில் என் பழைய தொழிலை நடத்துகிறவன் தங்கை மகன் செந்தில். போன மாதம் போன் செய்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. காலனி போர் இருக்குதுல்லீங்க, உங்க பேர்ல சொல்லுவாங்களே, அந்தத் தண்ணி கெட்டுப் போச்சுங்க. மெட்ராஸ்ல இருந்து மண்ணும் தண்ணியும் சோதிக்கிறவங்க வந்திருக்காங்க. முதல் அறிக்கையில, பழைய போருக்குக் கேசிங் குறைச்சுப் போட்டிருக்குது, அதான் மேல இருக்கிற சாயத்தண்ணி அடிப்பாறை வரைக்கும் எறங்குதுன்னு எழுதிட்டாங்க. சிமெண்ட் ஊத்தி மூடப் போறாங்களாம்."

கேசிங் என்பது துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய். மேல்மண் சரியாமலும், மேல்தண்ணீர் உள்ளே புகாமலும் அதுதான் காவல். கெட்டிப் பாறை தொடும் வரை அதை இறக்க வேண்டும். குறைத்துப் போட்டால் குழாய்க் காசு மிச்சம். குறைத்துப் போடுகிறவன் திருடன். அந்தக் காலனி போருக்கு நான் இறக்கியது அறுபத்து மூன்று அடி.

"மூடறதுக்கு நாலு நாள் பொறுக்கச் சொல்லு. நான் வர்றேன்" என்றேன்.

வந்து இறங்கியதும் செந்தில் கார் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று டவுன் பஸ்ஸில் ஏறினேன். இது என் ஊர், எனக்கு எதற்குக் கார். அது முதல் தப்பு. பஸ்ஸில் மனிதர்களைவிடப் பனியன் மூட்டைகள் அதிகம். ஒரு மூட்டையின் மேல் நானும், என் மேல் இன்னொரு மூட்டையும். முன் இருக்கையில் இரண்டு வடநாட்டுப் பெண்கள் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்ன பேச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இந்த ஊர்ல சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை வருது, தண்ணிதான் எந்தக் கிழமைன்னு தெரியலன்னு சொல்லுதுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான் இறங்க வேண்டிய ஆலமரத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு எம்ப்ராய்டரி கம்பெனியின் நான்கு மாடி. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பெட்டியோடு திரும்பி நடந்தேன். டொடோமாவில் மினிபஸ்காரன், முஸே இறங்கும் இடம் தெரியாமல் தவித்தால் வண்டியை நிறுத்தி நான்கு பேரிடம் விசாரிப்பான். இங்கே கண்டக்டர், "பெருசு, கனவு கண்டுட்டு இருந்தீங்களா" என்றான்.

ராயபுரம் வீட்டில் தங்கை அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி வைத்திருந்தாள். மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய். தான்சானியாவில் சோளமாவில் உகாலி என்று ஒன்று கிண்டுவார்கள், நம் களிக்கு அண்ணன் தம்பி. பதினான்கு வருடமாக அதைத் தின்று இந்த உடம்பை வைத்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கினேன். தங்கை எதுவும் கேட்கவில்லை. செந்தில்தான் மெதுவாக, "அறுபத்து மூணுங்கிறது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்களா மாமா?" என்றான். நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் நெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.

இரண்டாம் நாள் காலனிக்குப் போனேன். வேலம்பாளையத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் போர் போட்டபோது நாற்பது ஓட்டு வீடுகள், எல்லாம் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். இப்போது மாடி மேல் மாடி. கீழே தையல் மெஷின், மேலே குடும்பம், அதற்கு மேலே தகரக் கொட்டகையில் பத்துப் பதினைந்து வடநாட்டுப் பையன்கள். சாலையை உயர்த்தி உயர்த்தி, பழைய வீடுகளின் வாசல்படிகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. என் போர் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் சுவரோரம் ஒண்டிக்கொண்டு இருந்தது.

குழாயடியில் ஒரு அம்மா குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் என்று பெயர், சங்கரன்கோவில் பக்கம், ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. அந்தத் தெருவின் எந்தக் காரியமும் அவரைக் கேட்காமல் நடக்காது என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் லேசாக ஊதா நிறத்தில் வந்தது.

"இந்தப் போர் யார் போட்டதுங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"ரங்கசாமின்னு ஒரு ஆளு. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. இப்பல்லா தெரியுது, பைப்பைக் குறைச்சுப் போட்டு ஏமாத்திட்டு ஆப்பிரிக்காவுக்கு ஓடிட்டாராம்."

"ஓடலீங்க. கப்பல்ல போனேன்."

செல்லத்தாய் குடத்தைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கீய. எங்க தண்ணியத்தான் காணும்" என்றார்.

அந்த வார்த்தையை இன்னும் விழுங்க முடியவில்லை.

சோதனைக்கு வந்திருந்த குழுவுக்குத் தலைமை எஸ்தர் மேடம். நாற்பது வயது இருக்கும், தூத்துக்குடிக்காரர், நிலத்தடி நீரில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தெருமுனையில் ஒரு துளை, போருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துளை என்று ஏற்கெனவே போட்டிருந்தார்கள். தெருமுனையில் மண்ணும் தண்ணீரும் சுமார். போருக்குப் பக்கத்தில் வர வர மோசம். அழுக்கு இந்தப் போர் வழியாகத்தான் இறங்குகிறது, ஆகவே கேசிங் போதவில்லை. இதுதான் அவர் கணக்கு.

"நீங்க சொல்ற அறுபத்து மூணுக்கு ஏதாவது ரெக்கார்டு இருக்கா ஐயா?"

"நான்தானுங்க ரெக்கார்டு."

அவர் சிரிக்கவில்லை. மதிக்காமலும் இல்லை. "அதை நான் பின்னிணைப்புல சேர்க்க முடியாதே" என்றார்.

மோட்டாரைத் தூக்கிவிட்டு உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றேன். மேடம் சரி என்றார். செல்லத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "மோட்டாரைத் தூக்குவீய. தூக்கின கையோட சிமெண்டை ஊத்திட்டுப் போயிருவீய. துணி துவைக்க, கக்கூசுக்கு, எல்லாத்துக்கும் இதுதான். ஊதாவோ பச்சையோ, வருதுல்லா" என்றார். பின்னால் நின்ற பெண்கள் அவருக்குத் தலையாட்டினார்கள். கடைசியில் மேடம்தான் ஒரு வழி சொன்னார். போரை ஒட்டி, நான்கடி தள்ளி, பாறை வரைக்கும் ஒரு சோதனைத் துளை. ஐந்தடிக்கு ஒரு மண் மாதிரி. கேசிங் குறைவு என்றால் அது முடியும் ஆழத்தில் மண் காட்டிக் கொடுத்துவிடும்.

"போடுங்க. என்ர வண்டியே வரும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் வண்டி வந்தது. வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். தெரு தொடங்கும் இடத்திலிருந்து போர் வரைக்கும் இருநூறு அடி, அதைக் கடக்க மூன்று மணி நேரம். குறுக்கே மின்கம்பி. கம்பியைக் கழியால் தூக்கினால் எதிரே பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ. டெம்போ பின்னால் போனால் ஷேர் ஆட்டோ. மூன்றுக்கும் நடுவில் நெளிந்து போன ஒரு சைக்கிள்காரர் நின்று, "ராக்கெட் விடறீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் மாடியில் காய்ந்த சேலை ஒன்று ரிக்கின் கோபுரத்தில் மாட்டிக்கொண்டு கொடி மாதிரி பறந்தது. சேலைக்காரி மேலே நின்று எங்கள் வம்சத்தையே விசாரித்தாள். டொடோமா காட்டில் யானைக்காக அரை நாள் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். யானை இத்தனை பேச்சுப் பேசாது.

மேடம் துளை போடும் முறையே வேறு. கையுறை, புது பிளாஸ்டிக் விரிப்பு, கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் வரக்கூடாது என்று குழாயில் ஒரு வடிகட்டி. தண்ணீருக்குத் துளை போடுகிற நாங்கள் தண்ணீர் வந்தால் போதும் என்பவர்கள். இவர்களுக்கு, தண்ணீரில் வெளியிலிருந்து ஒரு துளி கூடக் கலக்கக்கூடாது. என்னென்ன செய்யக்கூடாது என்று இங்கிலீஷில் இரண்டு பக்கம் அச்சடித்துச் செந்திலிடம் முந்தின நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். படித்தானா என்று நான் கேட்கவில்லை.

பூசை போட்டோம். தேங்காயைப் பத்தடி தள்ளி உடையுங்கள், மஞ்சள் தண்ணீர் மட்டும் இங்கே வேண்டாம் என்றார் மேடம். சரி என்றேன். ஆனால் எங்கள் வண்டியில் இன்னொரு வழக்கம் உண்டு. துளைக்குள் இறங்கும் இரும்புத் தண்டான ராடு முதலில் பூட்டும்போது, அதன் திருகு மரைக்கு முதலாளி தன் கையால் கிரீஸ் தடவ வேண்டும். நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். கிரீஸ் இல்லாவிட்டால் ராடுகள் ஒன்றோடொன்று இறுகிக் கழற்றவே வராது. பதினான்கு வருடம் கழித்து என் வண்டி, என் ஊர், என் மானத்தைக் காக்கும் துளை. டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி, முதல் ராடுக்கு மட்டுமல்ல, அடுத்தடுத்த ராடுகளுக்கும் தாராளமாகத் தடவினேன். மேடம் அப்போது நிழலில் மேசை போட்டு மாதிரிப் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் பாறை தட்டியது. எத்தனை அடியில்? அறுபத்து இரண்டில். "பாத்தீங்களா" என்று சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தேன். சாயங்காலம் தண்ணீர் ஊறியதும், பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கயிற்றில் இறக்கி மேடம் தண்ணீர் எடுத்தார். நான் வழக்கப்படி உள்ளங்கையை நீட்டினேன். எந்தப் போரிலும் முதல் தண்ணீரை நான்தான் குடித்துப் பார்ப்பேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வாயில வைக்காதீங்க ஐயா. பாருங்க."

குழாய்க்குள் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம். எண்ணெய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். சாயத்தண்ணீரில் எண்ணெய் வராது. அப்படியென்றால் தெருவில் யாரோ எண்ணெய் ஊற்றுகிறார்கள், என் குழாய்க்கு அதில் சம்பந்தம் இல்லை. அங்கேயே நின்று உரக்கச் சொன்னேன். மேடம், "ஆய்வகம் பார்க்கட்டும், அவசரப்படாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. தெருமுனையில் அந்தோணி என்பவர் ஒர்க்ஷாப் வைத்திருந்தார், டூவீலருக்கு ஆயில் மாற்றும் சின்னக் கடை. செல்லத்தாய் முன்னால் போனார், பத்துப் பேர் பின்னால்.

"ஏ அந்தோணி, பழைய ஆயிலை எங்க ஊத்துத?"

"அக்கா, கேன்ல புடிச்சு வச்சு விக்கிறேன்க்கா. ஒரு சொட்டு கீழ விட்டா எனக்குத்தான நட்டம்."

"அப்பம் தண்ணியில மிதக்குறது என்னவாம், பன்னீரா?"

அந்தோணி கேன்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. நாளைக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் பனியனில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் படித்த ஆள் என்று நினைத்திருப்பார்.

அன்று இரவு செந்திலோடு ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். பள்ளிபாளையம் சிக்கன், காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுத்தது. இதற்காகவே கப்பல் ஏறி வரலாம். வாய் நிறையப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். கைகழுவக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியில் மொண்டு கழுவச் சொன்னார்கள். மேலோட்டமாகக் கழுவிவிட்டு, நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருக்கிறதே என்று கையை மறுபடி மக்கினுள் விட்டேன். மக்குத் தண்ணீரில் ஒரு படலம் விரிந்தது. ஊதா, பச்சை, மஞ்சள். சாயங்காலம் பார்த்த அதே வானவில்.

செந்திலும் பார்த்தான். "மாமா" என்றான்.

"தெரியுதுடா மாப்ளே."

"நாம சொல்லாட்டி யாருக்குங்க தெரியும்? ஆயில்னு எழுதிட்டாங்கன்னா உங்க பேர் தப்பிச்சுக்கும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. மக்கைக் கொட்டிவிட்டு வந்தால் ரங்கசாமி போர் யோக்கியமான போர், அந்தோணியின் கடை இல்லை. நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. என் கேசிங் நிற்க வேண்டுமானால் அது அறுபத்து மூன்று அடி என்பதற்காக நிற்க வேண்டும். நானே தடவிய கிரீஸில் வழுக்கிக்கொண்டு தப்பிப்பதாக இருந்தால், நான் டொடோமாவிலேயே இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் விடிந்ததும் குழாயடிக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கிரீஸ் டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். மேடம் டப்பாவைப் பார்த்தார், செந்தில் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து விரலால் ஒரு வரியைக் காட்டினார். அதில் அதுதான் எழுதியிருந்ததாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

"ஒரு நாள் வேலை போச்சு ஐயா. என்கிட்ட இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அந்தோணி போய்க் கடைக் கதவை முழுசாகத் திறந்தார். செல்லத்தாய் அவர் பக்கம் பார்க்காமல், என் பக்கம் பார்த்து, "உங்க வாய்க்கு முதல்ல கேசிங் போடணும்" என்றார். தெருவே சிரித்தது. நானும் நின்று வாங்கிக்கொண்டேன்.

ராடுகளை எப்படிச் சுத்தம் செய்வது? சோப்புப் போட்டால் மரைக்குள் இருப்பது போகாது. கொதிக்கும் நீராவி வேண்டும், அதற்கான மெஷின் மெட்ராஸிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார் மேடம். நான் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தேன். திருப்பூரில் நீராவிக்கா பஞ்சம்? நான்கு வீடு தள்ளி ஒரு அயர்னிங் யூனிட். பனியனுக்கு இஸ்திரி போடுகிற மேசைகள், அவற்றுக்கு ஆவி கொடுக்கும் பாய்லர் பின்கட்டில் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது. அங்கே மாஸ்டர் ஒரு பீகார்க்காரர். அவருக்கு விளக்க வாயெடுத்தேன், அவசரத்தில் வந்தது சுவாஹிலி. அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "தமிழ்ல சொல்லுங்க சார், எனக்குத் தமிழ் தெரியும்" என்றார்.

ஒவ்வொரு ராடாக, ஒவ்வொரு மரையாக, ஆவிக் குழாயைப் பிடித்து அடித்தோம். கறுப்பாக வழிந்தது நிற்கும் வரை. மாஸ்டர், ஏற்றுமதிக்குப் போகும் துணியைப் பார்ப்பது போல ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பினார். மேடம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. "இந்த ஐடியாவை நான் எடுத்துக்கறேன்" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாருடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

பழைய துளையை மூடிவிட்டு, போரின் மறுபக்கத்தில் புதிதாகப் போட்டோம். கிரீஸ் இல்லை. ராடுகளைக் கழற்ற நான்கு பேர் சம்மட்டி அடித்தோம், எழுபது வயதில் நானும் ஒருவன். மண் பைகள் வரிசையாக மேசையில் ஏறின. ஐந்தடியில் செம்மண், ஈரமில்லை. அடுத்த பை, மண் நிறம் மாறியதால் எட்டடியிலேயே எடுத்தது, திறந்ததும் நாற்றம். ஊதா நிறத்தில் சொதசொதவென்று இருந்தது. அதற்குக் கீழே பதினைந்தில் சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் மண், சுத்தம். முப்பது, நாற்பது, அறுபது, எல்லாம் சுத்தம்.

மேடம் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "கேசிங் குறைவா இருந்தா, அது முடியற ஆழத்துல மண்ணு கெட்டிருக்கணும். இங்க எட்டடியில மட்டும்தான் கெட்டிருக்கு. ஆனா கீழே பாறைத் தண்ணியிலயும் சாயம். அப்படின்னா எட்டடியில ஏதோ ஒண்ணு குழாய்க்குள்ளயே போகுது. உள்ள பார்த்தாகணும்" என்றார். பிறகு செல்லத்தாயிடம் போய், "சிமெண்ட் ஊத்த மாட்டேன். நான் எழுதித் தர்றேன்" என்றார்.

"எழுத்தெல்லாம் வேண்டாம். அந்தப் பெரியவரு இங்கனயே உக்காந்திருக்கட்டும், மோட்டார் திரும்ப எறங்குத வரைக்கும்" என்றார் செல்லத்தாய். பிணை வைத்தார் என்னை. ஒத்துக்கொண்டேன்.

கேமராதான் கிடைக்கவில்லை. திருப்பூரில் இருந்ததெல்லாம் வேலையில். மடத்துக்குளத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஒன்று சும்மா இருப்பதாகத் தெரிந்தது. செந்திலை என் இடத்தில் பிணையாக உட்கார வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் அதிகாலையில் நானே பஸ் ஏறினேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது, கேமரா பெட்டி மடியில் இருக்க, உடுமலை தாண்டியதும் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. எல்லோரும் இறங்கி ஒரு இளநீர்க் கடையில் நின்றோம். பக்கத்தில் ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்து, "என்னங்க அது, கல்யாண வீடியோவுங்களா?" என்றார். "பூமிக்குள்ள எறக்கறதுங்க" என்றேன். "அங்க யாருக்குங்க கல்யாணம்?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். தான்சானியாவில் வண்டி நின்றால் ஆளுக்கொரு கை போட்டுத் தள்ளுவார்கள், பாட்டுக்கூடப் பாடுவார்கள். இங்கே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் தேங்காய் ஏற்றிய ஒரு வேனில், தேங்காய்க்கு மேல் உட்கார்ந்து, கேமராவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மோட்டாரைத் தூக்கினோம். கேமரா இறங்கியது. ஒரு சின்ன டிவிப் பெட்டி, அதைச் சுற்றித் தெருவே நின்றது. மேடத்துக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் செல்லத்தாய், அவருக்குப் பின்னால் அந்தோணி.

எட்டடி. குழாயின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய், நாக்கு நீட்டுவது போல. அதிலிருந்து ஊதா நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னும் கீழ விடுங்க" என்றேன்.

முப்பது. நாற்பது. ஐம்பது. துருப்பிடித்த இரும்பு, ஆனால் முழுசு. என் வெல்டிங் இணைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அறுபது. அறுபத்து ஒன்று. அறுபத்து மூன்றில் இரும்பு முடிந்தது. அதற்குக் கீழே கறுத்த பாறை.

மேடம் திரையில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, என்னைப் பார்த்து, "அறுபத்து மூணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.  நான் குனிந்து, ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றை மறுபடி சுருட்டினேன்.

அந்தப் பிளாஸ்டிக் குழாய் யார் வைத்தது?  செல்லத்தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நாங்கதான் வச்சோம். மழைத்தண்ணி சேமிக்கணும்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தப்ப, இந்தக் கட்டடத்து மாடித் தண்ணி வீணாப் போவுதேன்னு, தெருவுல வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு, கொத்தனாரை வச்சு போருலயே சேத்துவிட்டோம். போரு நல்லா ஊறும்னு. நாந்தான் முன்ன நின்னு செஞ்சேன்."

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மழைத்தண்ணீர்க் குழாய் அப்படியேதான் இருந்தது. ஆனால் இரண்டாம் மாடியில் இப்போது ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட் வந்திருந்தது. பனியனில் படம் அச்சடிக்கும் மரச் சட்டங்களைக் கழுவும் தண்ணீர், கிட்டத்தில் எந்தக் குழாய் இருந்ததோ அதில் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது சாக்கடைக்குப் போகிறது என்றுதான் எண்ணம்.

நான் செல்லத்தாயைப் பார்த்தேன். ஓடிப்போன ரங்கசாமி, ஏமாற்றின ரங்கசாமி. திருப்பிக் கொடுக்க என்னிடம் எத்தனையோ வார்த்தைகள் தயாராக இருந்தன, ஐந்து நாளாகச் சேர்த்தவை. கிரீஸ் டப்பா நினைவுக்கு வந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தானுங்க பண்ணுனீங்க. நானும் அப்படித்தான் தடவுனேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய், ஒரு தட்டில் நான்கு இட்லியும் மீன்குழம்பும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பிணைக்காரருக்குச் சாப்பாடு போடணும்லா" என்றார்.

ஆறாம் நாள் முழுவதும் வேலை. அந்தக் குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, என் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாயைப் பாறை வரைக்கும் இறக்கி, இடைவெளியில் சிமெண்ட் விட்டோம். ஊற்றிய சிமெண்ட் அவ்வளவுதான். சாயங்காலம் மோட்டாரை இறக்கிப் பிணையிலிருந்து விடுபட்டேன். தண்ணீரைத் தொடர்ந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், குடிக்க ஆகுமா என்பதை மாதாமாதம் மாதிரி எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் மேடம். மாதிரி எடுக்கும் துளை நான் போட்டது. அது அங்கேயே இருக்கிறது, மூடி போட்டு, பூட்டுப் போட்டு.

டொடோமா திரும்பி மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. செந்தில் போனில் படித்துத் தமிழில் சொன்னான். கேசிங் அறுபத்து மூன்று அடி, குறைபாடு இல்லை என்று எழுதியிருக்கிறது. சரி. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்தார் பெயர், மண் பைக்குச் சீட்டு ஒட்டியவர் பெயர், மேடத்தின் கார் டிரைவர் பெயர் வரைக்கும் இருக்கிறது. துளை போட்டது யார்? "உள்ளூர் ஒப்பந்ததாரர்". ராடுகளை அயர்னிங் பாய்லரில் கழுவியது, "உள்ளூரில் கிடைத்த வசதி". நான் செந்திலை மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

மேடம், நீங்கள் நேர்மையானவர், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பேர் தெரியாதவன் குறைத்துப் போட்டான் என்று யாரும் பேசவில்லை, ரங்கசாமி குறைத்துப் போட்டான் என்றுதான் ஊரே பேசியது. பழி என் பேரில் வந்ததென்றால் அளவும் என் பேரில்தான் வர வேண்டும். அந்தப் பக்கத்தை மாற்றி அடியுங்கள். இந்தப் போரையும், அதை ஒட்டிய சோதனைத் துளைகள் இரண்டையும் போட்டது ராயபுரம் ரங்கசாமி, மூன்றாம் வகுப்பு. முதல் துளையைக் கிரீஸ் தடவிக் கெடுத்ததும் அவன்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் மறைக்க வேண்டாம். ராடுகளைக் கழுவித் தந்த மாஸ்டரின் பெயரைச் செந்தில் கேட்டு அனுப்புவான், அதுவும் வேண்டும். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, துளையின் மூடி மேல் இடம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், அங்கேயும் எழுதுங்கள். மாதாமாதம் மாதிரி எடுக்க வருகிறவர் பூட்டைத் திறக்கும் முன்னால் என் பெயரைப் படிக்கட்டும்.